எங்கள் சுவரில் வைத்த சாட்சி

என் பெயர் லிம்பெர்ட் காலிசாயா. வயது இருபத்தைந்து. பிரேசிலில், சாவோ பாவுலோவில், பொம் ரெத்திரோ பக்கம் ஒரு தையல் பட்டறையில் சட்டைக்குக் காலர் வைக்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. மற்றவர்கள் சந்தைக்குப் போய்விட்டார்கள். மெஷின் சத்தம் இல்லாததால்தான் போனில் பேசி அதை எழுத்தாக்க முடிகிறது. பொலிவியாவில், லா பாஸில் ஆல்ட்டோ சான் ரோக்கே மேட்டில் இருக்கும் என் வீட்டாருக்காக இதைச் சொல்கிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அக்கா ஜனேத் பாதி படித்ததும் பயந்துபோய் அழித்துவிடுவாள். அதனால் அவள் வீட்டுக்காரர் க்ரோவர் மச்சானுக்கும், மேட்டில் இன்னும் சில பேருக்கும் சேர்த்தே அனுப்புகிறேன். எங்களைத் தெரியாதவர் கைக்குப் போனாலும் விளங்கவேண்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

நேற்று அக்கா ஒரு படம் அனுப்பினாள். எங்கள் வீட்டு அடுக்களைக் கதவு. "மழையில மரம் ஊதிப்போச்சு, கதவு சாத்தமாட்டேங்குது, அம்மா கத்தியால செதுக்கிட்டு உக்காந்திருக்கா" என்று கீழே சிரிப்புப் பொம்மை போட்டு எழுதியிருந்தாள்.

அக்கா, மரம் ஊதினால் கதவு சுற்றிலும் இறுகும். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார். மேலே ஒரு மூலையில் மட்டும் கடிக்கிறது. கீழே எதிர்மூலையில் விரல் நுழைகிற இடைவெளி. கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவர்தான் சாய்ந்திருக்கிறது.

நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அந்தச் சுவர் சொல்லவந்ததை வாயைப் பொத்தி அமுக்கியவன் நான்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதம், எங்கள் ஊரில் அது குளிர்காலம். இஞ்சினியர் ஓராசியோ வில்லேகாஸ் எங்கள் படிக்கட்டு இருநூற்றுப் பன்னிரண்டையும் ஏறி வந்தார். மண்ணைப் படித்தவர். மலை எங்கே நழுவும், எங்கே நிற்கும் என்று நாற்பது வருஷமாகப் பார்த்துப் பார்த்து வரைபடம் போட்டவர். வெளிநாட்டுக்காரர்கள்கூட அவர் பேரைச் சொன்னால் எழுந்து நிற்பார்களாம். எங்களுக்கு அவர் தோளில் ஜிப்சம் மாவு மூட்டையோடு மூச்சிரைக்க வரும் ஒரு கிழவர், அவ்வளவுதான். எங்கள் மேட்டில் பாதியைச் சிவப்புக்கோட்டுக்குள் போட்டதும் அவர்தான். சிவப்பு என்றால் வீட்டுப் பத்திரம் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது, ஒருநாள் காலிசெய்யச் சொல்வார்கள். அதனால் அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை. எங்கள் அப்பா மட்டும் போட்டார்.

அப்பா செவேரோ பூச்சு வேலைக்காரர். கீழே பணக்கார வீடுகளில் மேற்கூரைக்குப் பூவும் கொடியுமாக ஜிப்சத்தில் வார்ப்பது அவர் தொழில். இஞ்சினியர் எங்கள் அடுக்களைச் சுவரின் விரிசலுக்குக் குறுக்கே, ரொட்டி நீளத்துக்கு ஒரு மாவுப்பட்டையை அப்பியபோது அப்பாவால் பொறுக்கமுடியவில்லை.

"ஐயா, என் வீட்டுக்கே வந்து எனக்கே பூச்சு வேலை காட்டுறீங்களா?"

"நீங்க பூசறது நிக்கறதுக்கு, செவேரோ. நான் பூசறது உடையறதுக்கு."

"உடையறதுக்கா? அதுக்கு நீங்க ஏன் இவ்வளவு படி ஏறணும்? எங்க மாப்பிள்ளை க்ரோவரைக் கூப்பிட்டுருக்கலாம். அவன் பூசினா சாயங்காலமே உடையும்."

இஞ்சினியர் சிரித்துச் சிரித்து இருமினார். பட்டை ஈரமாக இருக்கும்போதே ஆணியால் எண்ணையும் தேதியையும் கீறினார். எங்களுடையது ஏழு. நடுவில் ஒரு கோடு போட்ட ஏழு. "இது பேரு சாட்சி. மலை ஒரு மயிரிழை அசைஞ்சாலும் இது பட்டுனு உடையும். உடைஞ்சா யாரும் தொடக்கூடாது. எனக்குச் சொல்லணும். நான் வந்து பார்க்கணும்" என்றார்.

அப்படி முப்பத்தொரு வீடுகளில் வைத்தார். ஒவ்வொரு வீட்டிலும் அதையே சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் கேட்டது வேறு. கை ஒடிந்தால் மாவுக்கட்டு போடுவார்கள் இல்லையா, அது எலும்பைப் பிடித்துக்கொள்ளும் இல்லையா? இதுவும் அதுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். அவருக்குப் பேரே 'சுவருக்கு மாவுக்கட்டு போடுறவர்' என்று ஆனது. எங்களுக்குக் கீழே பன்னிரண்டாம் எண் வீட்டு ஒர்த்தென்சியா அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்கு இன்னும் தடிமனா போடுங்க ஐயா, சின்னப்பிள்ளைங்க இருக்கிற வீடு" என்று கெஞ்சினாள். அவர் மறுபடியும் விளக்கினார். அத்தை மறுபடியும் தலையாட்டிவிட்டு, "அப்ப ரெண்டாப் போடுங்க" என்றாள். ஒரு கிழவர் இருநூறு படி மூட்டை தூக்கி வந்து, வீட்டைத் தாங்காத ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவார் என்று யார்தான் நம்புவார்கள்?

அடுத்த பிப்ரவரி. மூன்று நாள் விடாத மழை. காலையில் ஆப்பிச் சோளக்கஞ்சி குடிக்க உட்கார்ந்த அப்பா, கோப்பையை வாயருகில் வைத்தபடியே சுவரைப் பார்த்தார். ஏழாம் எண் சாட்சி நடுவில் உடைந்திருந்தது. நேராக, கத்தியால் வெட்டியதுபோல.

"இஞ்சினியருக்குப் போன் போடவா?" என்று கேட்டேன்.

"போட்டு? சிவப்புக்கோட்டை இன்னும் அழுத்திப் போடுவாரு. இங்க பாரு, ஊரு பூரா கூரை பூசறவன் நான். என் வீட்டுச் சுவத்துல உடைஞ்ச பூச்சா? பார்க்கறவன் காறித் துப்பமாட்டான்?"

"தொடக்கூடாதுன்னாரே."

"மாவுக்கட்டு உடைஞ்சா திருப்பிப் போடாம கையைத் தொங்கவிட்டுட்டா திரிவாங்க? தண்ணியைக் கொண்டா."

பட்டையை அவர் வார்த்தார். இஞ்சினியர் வார்த்ததைவிட ஒழுங்காக. பிறகு அந்த ஒழுங்கைத் தானே கெடுத்தார், சந்தேகம் வரக்கூடாதென்று. எண்ணும் தேதியும் எழுத ஆணியை என்னிடம் நீட்டினார். "உனக்குத்தான் கை வரும்." வந்தது. அந்த நடுக்கோடு போட்ட ஏழு, வால் வளைந்த ஜூன் மாத ஆறு, எல்லாம் அப்படியே வந்தது. பழைய தேதியைப் புதிய மாவில் எழுதினேன்.

அந்த வாரமே ஒர்த்தென்சியா அத்தை வந்தாள். அவள் வீட்டில் இரண்டுமே உடைந்திருந்தன. அவளுக்கும் செய்துகொடுத்தேன். ஒரு சட்டி கடலைக் கூழ் கொடுத்தனுப்பினாள். பிறகு மூன்றாம் எண் வீடு, பிறகு இருபத்திரண்டு. எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேடு முழுக்க ஒரு பத்தொன்பது வயதுக்காரனை 'தம்பி, வந்துட்டுப் போ' என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் இருக்காது?

இஞ்சினியர் மூன்று வருஷம், ஜூன் தவறாமல் வந்தார். கட்டைவிரலால் சாட்சியைத் தடவிப் பார்ப்பார். நோட்டில் 'அசைவில்லை' என்று எழுதுவார். எழுதிவிட்டு ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "எனக்குப் புரியலையே, செவேரோ" என்று ஒருமுறை சொன்னார். அப்பா அவருக்கு இன்னொரு கோப்பை ஆப்பி ஊற்றினார். பிறகு இஞ்சினியருக்கு முழங்கால் போனது. அப்பாவுக்கு நுரையீரல் போனது, முப்பது வருஷத்து மாவு உள்ளே இறங்கி. அப்பாவைப் புதைத்துவிட்டு நான் பஸ் ஏறி இங்கே வந்தேன்.

கடந்த நவம்பரில் ஊருக்கு வந்தேன். இறந்தவர்களுக்கு மூன்று வருஷம், நவம்பரில், படையல் மேசை போட வேண்டும். அப்பாவுக்கு அது மூன்றாவது, கடைசி மேசை. அம்மா ரொட்டிப் பொம்மைகளுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் நெமேசியோ தலைவர் குரல். எல்லோரும் மைதானத்துக்கு வரவேண்டும், வராத வீட்டுக்கு அபராதம்.

நெமேசியோ எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர். பஸ் ஓட்டியவர், மைக் இல்லாமலே நாலு தெரு கேட்கும். சொன்னார்: பல்கலைக்கழகம் நம் இஞ்சினியர் ஓராசியோவைக் கௌரவிக்கப் போகிறது. அவர் பெயரில் ஒரு வருகைதரு பேராசிரியர் பதவி. வருஷா வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய படிப்பாளி வந்து ஆறு மாதம் தங்கி, அவர் விட்ட இடத்திலிருந்து ஆராய்ச்சி செய்வார். முதலில் வருவது பெருவிலிருந்து ஒரு டாக்டரம்மா. விழா அவர் வேலை செய்த மேட்டில்தான் நடக்கவேண்டும் என்று இஞ்சினியரே கேட்டிருக்கிறார். நம் மேட்டில்! துணைவேந்தர் வருகிறார், டி.வி. வருகிறது.

"அதனால என்ன பண்றோம்? சனிக்கிழமைக்குள்ள எல்லா வீட்டுக்கும் வெள்ளையடிக்கிறோம். உள்ளேயும் வெளியேயும். ஒரு வெடிப்பு, ஒரு கறை கண்ணுல படக்கூடாது."

"தலைவரே, சாட்சி மேலயுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"சாமி ஊர்வலம் வருதுன்னா தெருவைக் கூட்டறோமா இல்லையா? அவரு வர்றப்போ உடைஞ்சதும் ஒடிஞ்சதுமா கெடந்தா அவருக்கு எவ்வளவு அவமானம்! பேரு வைக்கிறாங்கய்யா அந்த மனுசனுக்கு!" அவர் கண் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தது. "செவேரோ மகன் வந்திருக்கான். உடைஞ்சது இருக்கிற வீட்டுக்காரங்க அவனைக் கூட்டிட்டுப் போங்க. டே லிம்பெர்ட், உங்கப்பன் கையி உனக்கு இருக்கு. மேட்டு மானத்தைக் காப்பாத்து."

கைதட்டினார்கள்.

மூன்று நாளில் பதினோரு வீடு. பத்தொன்பது வயதுப் பையன் இல்லை இப்போது. என்ன செய்கிறேன் என்று தெரிந்தே செய்தேன். மூன்று வருஷம் யாரும் தொடாத சாட்சிகள். உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு துண்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் போனது. கெல்லி எடுத்துவிட்டு, விரிசலை நிரவி, புதிது வார்த்து, ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதியைக் கீறினேன். பதினோராவது வீட்டில், முப்பதாம் எண், ஒரு தடவை "இதை அப்படியே விட்டுடலாமே, டாக்டரம்மா பார்க்கட்டும்" என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"பத்து வீட்டுக்குப் பண்ணிட்டு என் வீட்டுக்கு மட்டும் சட்டம் பேசுறியா? உனக்கென்ன, நீ பிரேசிலுக்குப் போயிருவ. நாங்கல்ல இங்க கெடக்கணும்."

அவர் சொன்னது சரி. அதனால்தான் அதிகமாகக் கோபம் வந்தது. வந்தும் வார்த்துக்கொடுத்துவிட்டு வந்தேன்.

விழாவன்று பேண்ட் வாத்தியம். இஞ்சினியரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் படிக்கட்டில் தூக்கி வந்தார்கள். கழுத்தில் பூமாலை, நரைத்த தலைமேல் காகிதப்பொடி. உடம்பு பாதியாகியிருந்தது. துணைவேந்தர் பித்தளைப் பலகையின் திரையை விலக்கினார். அறிவியல், தேசம், வருங்காலம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். வெயில் மண்டையைப் பிளந்தது. அவரோடு வந்தவர்களில் ஒருவர்கூட முதல் படிக்கட்டுக்கு மேலே ஏறவில்லை. முப்பத்தொரு வீட்டில் ஒன்றையாவது போய்ப் பார்ப்போமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தூரத்திலிருந்து மேடு பளீரென்று வெள்ளையாக இருந்தது, டி.வி.க்காரர் அதைப் படம் எடுத்தார். ஒரு மனுஷனுக்குப் பெயர் வைக்க வந்துவிட்டு, அந்த மனுஷன் செய்த வேலை உயிரோடு இருக்கிறதா என்று பாராமல் போகிற கௌரவம் என்ன கௌரவம்? பிணத்துக்கு மாலை போடுகிறவன்கூட முகத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போடுவான்.

பிறகு மைக்கை இஞ்சினியரிடம் கொடுத்தார்கள்.

"இந்த மேட்டை நான் சிவப்புன்னு போட்டேன். இங்க உள்ளவங்களுக்குத் தண்ணி வராததுக்கும் பத்திரம் வராததுக்கும் நான்தான் காரணம். போன வாரம் தலைவர் எனக்குச் சொன்னாரு, முப்பத்தொரு வீட்டுச் சாட்சியில ஒண்ணுகூட உடையலைன்னு. அப்படின்னா நான் தப்பாப் படிச்சிருக்கேன். மண்ணு என்னைவிடப் பெரிய வாத்தியார். உங்களை இத்தனை வருஷம் பயமுறுத்தினதுக்கு மன்னிச்சுக்கங்க."

மைதானமே எழுந்து கைதட்டியது. பெண்கள் அழுதார்கள். நெமேசியோ அவரைக் கட்டிப்பிடித்தார். எண்பத்தொரு வயதுக் கிழவர், தன் விழாவில், தான் சரியாகச் சொன்னதற்காக எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். நான் மூன்றாவது வரிசையில் நின்றேன். என் நகக்கண்ணில் இன்னும் ஜிப்சம் இருந்தது. நானும் கைதட்டினேன்.

மறுநாள் டாக்டரம்மா தனியாகப் படியேறி வந்தார். நோரா பச்சேக்கோ என்று பெயர். அரேக்கிப்பா ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும், மலையில் நடந்த கால். அம்மா அவருக்குக் கடலைக் கூழ் கொடுத்தாள். சூடாகக் குடித்து, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று.

"அம்மா, சுவருக்கு இப்பத்தான் வெள்ளையடிச்சீங்களா?"

"ஆமா கண்ணு, அவருக்கு மூணாம் வருச மேசை. அழுக்குச் சுவத்துக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட முடியும்?"

"சாட்சி மேலயும் அடிச்சிருக்கீங்களே."

"அதுவும் இந்த வீட்டுல ஒண்ணுதானே. அதை மட்டும் விட்டா கோவிச்சுக்காது?"

டாக்டரம்மா சிரித்தார். பையிலிருந்து சின்னத் தகடு ஒன்றை எடுத்து வெள்ளையைச் சுரண்டினார். ஏழு வந்தது. தேதி வந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். "ஆறு வருசம் அடுப்புக்குப் பக்கத்துல இருந்திருக்கு. உள்ளே இவ்வளவு வெள்ளையா இருக்கே?"

"எங்க வீட்டுல தினம் துடைப்போம்" என்றாள் அம்மா, கண் இமைக்காமல். "உங்க ஊர்ல எப்படியோ."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க என்ன வேலை?"

"தையல்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே மோசமான வார்த்தை அதுதான். கேள்வி கேட்கத் தெரிந்த ஒரே ஒருத்தர் இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறி வந்து, சரியான இடத்தில் விரல் வைத்து, சரியான ஆளிடம் கேட்டார். நான் தையல் என்றேன். அவர் நோட்டில் 'அசைவில்லை' என்று எழுதினார். போகும்போது ஒரு தாளில் தன் நம்பரை எழுதி என் கையில் கொடுத்தார், அம்மா கையில் இல்லை.

டிசம்பரில் வரைபடத்தில் மேட்டை மஞ்சளாக்கினார்கள். மஞ்சள் என்றால் இருக்கலாம், கட்டலாம். நீங்கள் அனுப்பிய வீடியோவெல்லாம் பார்த்தேன். மேல்தெருவில் குழாய்க்குப் பள்ளம் வெட்டி, பாதி மூடி, மழை வந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு நேர்மேலே. அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, பிள்ளைகள் காகிதப் படகு விடுகிறார்கள். நிற்கிற தண்ணீர் எங்கே போகும்? நெமேசியோ மூன்றாவது மாடிக்குக் கம்பி கட்டிவிட்டார். ஐந்து வாரமாக மழை.

இன்று காலை அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, இன்னைக்கே அக்கா வீட்டுக்குப் போயிரு."

"எதுக்கு? அவ மாமியா மூஞ்சியைப் பார்த்துட்டு உக்காந்திருக்கவா?"

"சுவரு நகருதும்மா."

"நகரட்டும். இருவத்தெட்டு வருசமா நகருது. நானும் அதுகூடச் சேர்ந்துதான் நகர்ந்துக்கிட்டு இருக்கேன்."

"வெளையாடாத. கதவு சாத்தலைல்ல? அது மரம் இல்ல."

"செதுக்கிட்டேன். இப்பச் சாத்துது."

"அம்மா!"

"கத்தாத. பிரேசில்ல இருந்து கத்தினா இங்க சுவரு நிக்குமா?"

"நான் டாக்டரம்மாகிட்டச் சொல்லப்போறேன். எல்லாத்தையும்."

பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் அந்த வீட்டில் கேட்காத சத்தம்.

"சொல்லு" என்றாள். "உங்கப்பன் திருடன்னு ஆகும். மூணு வருசம் மேசை போட்டு, சாப்பாடு போட்டு, நிம்மதியா அனுப்பி வச்சிருக்கேன் அந்த மனுசனை. திரும்பக் கூட்டிட்டு வந்து தெருவுல நிறுத்திச் செருப்படி வாங்க வைக்கிறியா?"

"அப்பா செத்துட்டாரும்மா. நீ சாகலை."

"முப்பத்தொரு வீட்டுக்குத் தண்ணி வந்திருக்கு. ஒர்த்தென்சியா குழாயைக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்தா, தெரியுமா உனக்கு? அதைப் பிடுங்கப்போறியா? கல்லால அடிப்பாங்கடா."

"யாரை? என்னையா? நான் இங்கல்ல இருக்கேன்."

"அதைத்தான் சொல்றேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எல்லார் மேலும் கோபம். பித்தளைப் பலகை வைத்துவிட்டுப் போனவர்கள் மேல், மானம் மானம் என்று கத்தின நெமேசியோ மேல், உடைந்ததை உடைந்ததாக விடத் தெரியாத எங்கள் அப்பா மேல். கடைசியில் எல்லாம் சுற்றி இந்தக் கையிடம்தான் வந்து நின்றது.

ஆகவே சொல்கிறேன். டாக்டர் நோரா பச்சேக்கோவுக்கும் இதை அனுப்புகிறேன். மூன்று, ஏழு, எட்டு, பன்னிரண்டு, பதிமூன்று, பதினேழு, பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்தாறு, முப்பது. இந்தப் பதினோரு வீட்டுச் சாட்சியும் நவம்பரில் நான் வார்த்தது. அதில் உள்ள தேதி பொய். எழுதினது நான். எங்கள் அப்பா ஒரு தடவை வார்த்தார், மீதியெல்லாம் நான். நெமேசியோ தலைவரே, உங்களுக்கும் இது வரும். திட்டுங்கள், சங்கத்திலிருந்து எங்கள் பெயரை வெட்டுங்கள், ஆனால் மேல்தெருப் பள்ளத்தை இன்றைக்கே வடியவிடுங்கள். ஒர்த்தென்சியா அத்தை, உன் வீட்டில் நான் போட்ட இரண்டு மாவுக்கட்டும் எதையும் பிடிக்காது. பிள்ளைகளை எடுத்துக்கொண்டு கிளம்பு. வெளியே வந்த பிறகு கோபப்படு. இஞ்சினியர் ஐயாவைத் தெரிந்தவர் யாராவது அவரிடம் போய், அவர் போட்ட கோடு சரிதான் என்று உரக்கச் சொல்லுங்கள். காது கொஞ்சம் மந்தம்.

மச்சான், நீ கீழ்த்தெருவில்தான் இருக்கிறாய். அங்கே இப்போது மழை கொஞ்சம் விட்டிருக்கும், மத்தியானம் மறுபடி பிடித்துக்கொள்ளும். இதைப் படித்தவர் யாராக இருந்தாலும், மழை மறுபடி பிடிப்பதற்கு முன்னால் ஏழாம் எண் வீட்டுக்குப் போங்கள். அடுக்களையில் ஒரு அம்மா இருப்பாள், பெயர் பிரிமித்திவா. வரமாட்டேன் என்பாள், கூழ் குடிக்கச் சொல்வாள், உங்களைத் திட்டுவாள், என்னையும் திட்டுவாள். அவளிடம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.